பக்கவாத்தியக்காரரின் கச்சேரி

1984இல் ஒரு சிறுபத்திரிகையில் நான் எழுதிய கட்டுரையில் ஒரு வாக்கியம் உண்டு. மின்சாரத்தில் பிறக்கிற ஸ்வரத்துக்கு ராகம் கிடையாது என்பது அதன் சாரம். எழுதும்போது எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. அந்தப் பத்திரிகை சில இதழ்களோடு நின்றுபோயிற்று. அச்சான பிரதிகளே சொற்பம், அதில் பாதி ஆசிரியரின் கட்டிலுக்கடியில் கிடந்தது. ஆகவே அந்த வாக்கியத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. எழுதியவனுக்கு மட்டும் அது தீராத பாக்கியாக இருந்துகொண்டிருக்கிறது. ஏனென்றால் நான் அதை எழுதி முடித்த வேளையில், அதைப் பொய்யாக்கக்கூடிய இசைத்தட்டு ஒன்று ஏற்கனவே வெளிவந்து, கவனிப்பாரில்லாமல் இருந்தது. எனக்கு அது தெரிய ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின.

அதன் பெயர் ‘சிந்தஸைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’. 1982இல் பம்பாயில் பதிவாகி, கிராமபோன் கம்பெனியின் எச்.எம்.வி. முத்திரையுடன் வெளிவந்தது. வாசித்தவர் சரண்ஜித் சிங். பெயரைச் சொன்னால் அன்று யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவர் வாசிப்பைக் கேட்காத காது இந்தியாவில் அபூர்வமாகத்தான் இருந்திருக்கும். அறுபதுகள் தொடங்கி ஹிந்தி சினிமா ஆர்கெஸ்ட்ராக்களில் கிட்டார், பாஸ் கிட்டார், டிரான்சிகார்டு என்கிற மின் அக்கார்டியன் என்று வாசித்தவர். சங்கர்-ஜெய்கிஷன், லக்ஷ்மிகாந்த்-பியாரிலால், ஆர்.டி. பர்மன் எல்லோருடைய பாட்டுகளிலும் பின்னால் உட்கார்ந்திருந்தவர். சினிமாப் பாட்டுகளை வாத்தியத்தில் மட்டும் வாசித்துத் தருகிற இசைத்தட்டுகளும் போட்டிருக்கிறார். கல்யாண வரவேற்புகளுக்கென்று சொந்தமாக ஒரு குழுவும் வைத்திருந்தார். ‘குர்பானி’ (1980) வந்தபின் பம்பாயில் டிஸ்கோ அலை. எங்கே பார்த்தாலும் அதே தாளம். அந்தத் தாளத்தையே எடுத்துக்கொண்டு, தபலாவை நிறுத்திவிட்டு, ராகங்களை வாசித்தால் என்ன என்று தோன்றியதாகப் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். அவ்வளவுதான் அவர் தந்த விளக்கம். தத்துவம் ஏதும் பேசவில்லை.

கையிலிருந்தவை மூன்று ஜப்பானியப் பெட்டிகள். மூன்றும் ரோலண்ட் கம்பெனி செய்தவை. ஜூபிடர்-8 என்பது ஒரே சமயத்தில் எட்டு ஸ்வரம் ஒலிக்கக்கூடிய சிந்தஸைசர். டி.ஆர்.-808 தாளத்துக்கு. டி.பி.-303 கீழ்ஸ்தாயிக்கு. பத்து ராகம், ராகத்துக்கு ஐந்து நிமிஷம். பைரவ், லலித், பூபாலி, தோடி, மதுவந்தி முதல் பக்கத்தில். மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி மறுபக்கத்தில். விற்பனையில் சொல்லிக்கொள்ளும்படி ஏதும் நிகழவில்லை. சரண்ஜித் சிங் தம் வேலைக்குத் திரும்பிப் போனார்.

இனிச் சொல்லப்போவது, இந்த இசைத்தட்டைப் பற்றி இன்று யாரைக் கேட்டாலும் சொல்லும் கதை. 1987இல் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் ‘ஃப்யூச்சர்’ என்ற பெயரில் கூடிய சில கறுப்பின இளைஞர்கள் அதே 303ஐ வைத்து ‘ஆசிட் டிராக்ஸ்’ என்ற நடன இசைத்தட்டு போட்டார்கள். அதிலிருந்து ‘ஆசிட் ஹவுஸ்’ என்றொரு இசை வகையே கிளம்பி ஐரோப்பாவை ஆட்டிவைத்தது. 2002இல் எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் டெல்லியில் பழைய தட்டுகளைத் தேடும்போது சரண்ஜித் சிங்கின் தட்டு அகப்பட்டது. கேட்டவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆசிட் ஹவுஸின் சத்தம், ஐந்து வருஷம் முன்னதாக, பம்பாயில்! 2010இல் ‘பாம்பே கனெக்ஷன்’ என்ற தம் சொந்த முத்திரையில் அதை மறுபடி வெளியிட்டார். ஐரோப்பாவில் சிலர் நம்பவே மறுத்தார்கள். யாரோ வெள்ளைக்கார இசைக்கலைஞர் புனைபெயரில் செய்த குறும்பு என்றுகூடப் பேச்சு எழுந்தது. பிறகு அந்த மனிதர் உயிரோடுதான் இருக்கிறார் என்று தெரிந்து, எழுபது வயதைக் கடந்தவரை ஐரோப்பிய மேடைகளுக்கு அழைத்து வாசிக்கச் செய்தார்கள். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார். அஞ்சலிக் குறிப்புகள் பலவற்றிலும் அதே பட்டம்தான்: ஆசிட் ஹவுஸின் முன்னோடி.

இந்தக் கதையில் தகவல் பிழை ஏதும் இல்லை. இருந்தும் எனக்கு இது உவப்பாக இல்லை. ‘முன்னோடி’ என்ற சொல் நம் சூழலில் மாலை மாதிரி விழுகிறது. கழுத்தில் விழுந்தபின் அது எதற்குக் கட்டியது என்று பார்க்க மாட்டோம். இன்னொருவர் வீட்டு வாசலில், அந்த வீடு கட்டப்படுவதற்கு முன்னாலேயே வந்து நின்றவர் என்பதல்லவா இதற்கு அர்த்தம்? சரண்ஜித் சிங் அந்த வீட்டுக்குப் போகக் கிளம்பியவரே இல்லை.

நம் இலக்கியத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு பழக்கம் உண்டு. ந. பிச்சமூர்த்தி 1934இல் ‘மணிக்கொடி’யில் ‘காதல்’ கவிதையை எழுதினார் என்று சொன்ன மறுகணமே, விட்மனின் ‘புல்லின் இதழ்கள்’ 1855 என்று யாராவது தேதி போடுவார்கள். பிச்சமூர்த்தியே விட்மனைப் படித்த தாக்கத்தை ஒப்புக்கொண்டவர்தான். ஆட்சேபம் அதற்கில்லை. எழுபத்தொன்பது வருஷத் தாமதம் என்று கணக்குப் போட்டுவிட்டால் கவிதையைப் படித்தாகிவிட்டது என்று நினைக்கிறோமே, அதற்குத்தான். பிச்சமூர்த்தி தாமதமாக வந்தார், சரண்ஜித் சிங் சீக்கிரமாக வந்துவிட்டார். இரண்டுக்கும் கடிகாரம் ஒன்றுதான். அது நம் சுவரில் மாட்டியதல்ல. நம் ஆட்கள் யாரும் தங்கள் காலத்திலேயே இருந்ததாக இந்தக் கடிகாரத்தில் தெரிவதில்லை.

சரண்ஜித் சிங் தம் காலத்தில்தான் இருந்தார். 808 விற்பனைக்கு வந்தது 1980இல். 303 வந்தது 1981 கடைசியில். நியூயார்க்கில் ஆஃப்ரிகா பம்பாட்டா 808ஐ வைத்து ‘பிளானட் ராக்’ செய்ததும் 1982தான். ஒரே வருஷத்தில், ஒரே ஜப்பானியப் பெட்டியை, நியூயார்க்கில் ஒருவரும் பம்பாயில் ஒருவரும் தங்கள் தங்கள் தேவைக்குக் கையாண்டிருக்கிறார்கள். இதில் முன் எது, பின் எது?

நான் இதை முதலில் கேட்டது அடையாறு காந்தி நகரில், ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கும் நண்பர் வீட்டில். மறுபதிப்பு வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். கேலியாகக் கேட்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பைரவ் தொடங்கும்போதே இயந்திரக் குரல் ஒன்று ‘ஓம் நமசிவாய’ என்கிறது. மனிதக் குரலைச் சல்லடையில் சலித்து இயந்திரமாக்குகிற வோகோடர் என்ற கருவியின் வேலை. எனக்குச் சிரிப்பு வந்தது. கபாலீசுவரர் கோயில் மணியோசைக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு அது கல்யாண மண்டப அலங்கார விளக்குபோல இருந்தது. இப்போதும் அந்த இடம் எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் அடுத்த நிமிஷமே சிரிப்பு நின்றுவிட்டது. நமக்கு மாயாமாளவகௌளை, சரளி வரிசை சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கிற ராகம். அந்த ஸ்வரங்கள் அடியில் அலையலையாகச் சுழன்றுகொண்டிருக்க, மேலே ஒரு கை ரிஷபத்தைத் தொட்டு ஷட்ஜத்தில் இறங்கியது. தொட்ட விதம் சரியாக இருந்தது. ராகம் தெரிந்த கை அது.

மயிலாப்பூர்க் காதுக்கு இந்தப் பட்டியலே ஒரு விருந்து. பூபாலி நம் மோகனம், யமன் நம் கல்யாணி, மால்கௌன்ஸ் ஹிந்தோளம், கலாவதி வலஜி, பைராகி ரேவதி. ஹிந்துஸ்தானித் தோடி நம் தோடியல்ல, சுபபந்துவராளி. மதுவந்தி தர்மவதிக்கு உறவு. லலித் மட்டும் நம்மிடம் அப்படியே கிடையாது. பஞ்சமத்தை விட்டுவிட்டு இரண்டு மத்யமங்களையும் அடுத்தடுத்து வைத்து வாசிக்கிற ராகம் அது. நம் லலிதா வேறு. பத்தில் குறைந்தது நான்கு, ஐந்தே ஸ்வரம் உள்ள ஔடவ ராகங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பெட்டிக்கு எது ஒத்துவரும், எது வராது என்று நன்றாக யோசித்தே தேர்ந்தெடுத்திருக்கிறார்.

எனது 1984ஆம் வருஷத்து வாதம் கமகத்தைப் பற்றியது. விசைப்பலகையில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே ஒன்றுமில்லை. நம் சங்கீதம் இருப்பதோ அந்த நடுவில். வாதம் புதிதல்ல. 1940இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தடை செய்ததும் பெரும்பாலும் இந்தக் காரணத்துக்காகத்தான். அந்தத் தடை தளர 1971 ஆயிற்று. முப்பத்தொரு வருஷம்! ஆனால் சிந்தஸைசர் ஹார்மோனியம் இல்லை. அதில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்ல வழி உண்டு. ஸ்வரத்தை வளைக்க ஒரு தனிப்பிடி உண்டு. 303இலும் ‘ஸ்லைடு’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தி வைத்தால் அந்த ஸ்வரம் அடுத்ததற்குள் இழைந்து போகும். நம் பாஷையில் இது ஜாரு; ஹிந்துஸ்தானியில் மீண்ட். கம்பிதம் இதில் வராது. தோடியின் காந்தாரத்தை நாம் அசைக்கிற மாதிரி அசைக்க இந்தப் பெட்டியால் ஆகாது. நான் ஜாருவையும் கம்பிதத்தையும் ஒன்றாகப் போட்டு மூட்டை கட்டி, இல்லை என்று சொல்லிவிட்டேன். பாதி உண்மையைச் சொல்பவன் முழுப் பொய்யனைவிட உறுதியாகப் பேசுவான். நான் அப்படித்தான் பேசியிருந்தேன்.

இன்னொன்று அப்போது எனக்கு எட்டவே இல்லை. டிஸ்கோவுக்கும் ராகத்துக்கும் எந்தப் பொருத்தமும் கிடையாது என்றே யாரும் சொல்வார்கள். கேட்கக் கேட்க, ஒரு பொருத்தம் இருக்கிறது என்று தெரிந்தது. மேற்கத்திய இசையில் பெரும்பகுதி, அடியில் இருக்கும் நிலத்தை மாற்றிக்கொண்டே போவதால் நகர்கிறது. ஹார்மனி என்பது அதுதான். நம் சங்கீதத்தில் நிலம் நகர்வதில்லை. ஷட்ஜம் போட்ட இடத்தில் கிடக்கிறது. நடன அரங்குக்கான இசையிலும் நிலம் அதிகம் நகர்வதில்லை. ஆடுகிறவனுக்குக் காலடியில் தரை மாறக்கூடாது. சரண்ஜித் சிங் இந்த இடத்தைப் பிடித்தார். 303 ராகத்தின் ஸ்வரங்களையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கிறது, நிலையை மாற்றுவதில்லை. தம்பூரா நடக்கக் கற்றுக்கொண்டால் இப்படித்தான் நடக்கும்.

சிகாகோ இசையையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் விளங்கும். அங்கே ஸ்வர வரிசை மாறாமல் ஓட, அதன் தொனியை மட்டும் திருகித் திருகி மாற்றுகிறார்கள். காது தொனியைத் தொடர்கிறது. இங்கே ஓடுகிற வரிசை பின்னணி. காது மேலே பாடுகிற கையைத் தொடர்கிறது. அங்கே 303தான் வித்வான். இங்கே அது பக்கவாத்தியம்.

இந்தச் சொல்லுக்குத்தான் வந்து சேர வேண்டியிருந்தது. 303ஐ வடிவமைத்தவர் டடாவோ கிகுமோட்டோ. தனியாக உட்கார்ந்து வாசிக்கும் கிட்டார்காரனுக்குக் கூட வாசிக்க ஒரு பாஸ் வேண்டும், ஆள் இல்லை. அந்த ஆளின் இடத்தில் இந்தப் பெட்டி. இதற்காகத்தான் அதைச் செய்தார்கள். நிஜமான பாஸ் மாதிரி அது ஒலிக்கவில்லை என்று யாரும் வாங்கவில்லை. 1984இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். ஏறக்குறைய பத்தாயிரம் பெட்டிகள்தான் மொத்தம். பழைய சாமானாக மலிவு விலைக்கு வந்த பிறகுதான் சிகாகோ இளைஞர்கள் கையில் சேர்ந்தது. அவர்கள் செய்தது, அந்தப் பெட்டி எதற்காகச் செய்யப்படவில்லையோ அதை. சரண்ஜித் சிங் செய்தது, எதற்காகச் செய்யப்பட்டதோ அதை. அவர் கிட்டார்காரர். பத்துப் பன்னிரண்டு வயலின்களுக்கும் டோலக்குகளுக்கும் பின்னால், பாடகிக்காகவும் இயக்குநருக்காகவும் இருபது வருஷம் பக்கம் வாசித்தவர். அங்கே அவருக்குப் பக்கம் வாசிக்க யாரும் உட்கார்ந்ததில்லை. 1982இல் இரண்டு பெட்டிகள் உட்கார்ந்தன. ஐம்பது நிமிஷம் அவர் நடுவில் இருந்தார்.

இப்படிக் கேட்டபின் அந்த இசைத்தட்டின் குணங்கள் பலவும் எனக்கு அர்த்தமாயின. ஐந்து நிமிஷத்தில் ராகத்தைச் சொல்லி முடிப்பது சினிமா ரெகார்டிங் தந்த கட்டுப்பாடு. இடையிசைக்கு என்று இருபது வினாடி கொடுப்பார்கள். அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் உள்ள கைக்கு ஐந்து நிமிஷம் என்பது தாராளம். மேற்கில் சிந்தஸைசர் ஒரு சாஸ்திரீய வாத்தியமாக ஏற்கப்பட வழி செய்தது வெண்டி கார்லோஸின் ‘ஸ்விட்ச்டு-ஆன் பாக்’ (1968). அதில் பாக் எழுதிவைத்த ஸ்வரங்களை, ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் மட்டுமே ஒலிக்கக்கூடிய மூக் சிந்தஸைசரில் ஒவ்வொரு வரியாகப் பதிந்து அடுக்கினார்கள். பெரிய உழைப்பு அது. ஆனால் எழுதி வைத்ததற்கு உழைப்பது வேறு. சரண்ஜித் சிங்குக்கு எழுதி வைத்தது எதுவும் இல்லை; இலக்கணம் மட்டும் இருந்தது.

அதே மூக் இந்தியாவுக்கும் வந்திருந்தது. 1969இல் அகமதாபாத் தேசிய டிசைன் நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்ற அமெரிக்கர் ஒரு மின்னிசைக் கூடத்தை அமைத்தார். ஜான் கேஜுக்கு இந்திய சங்கீதம் சொல்லிக்கொடுத்த கீதா சாராபாய் அதற்குப் பின்னணியில் இருந்தார். அங்கே இந்தியர்கள் சிலர் செய்த சோதனைகள் ஒலிநாடாக்களில் உறங்கிக் கிடந்து, 2023இல்தான் வெளியே வந்தன. அது பரிசோதனைக் கூடத்து நவீனம். உதவித்தொகை, அறை, அயல்நாட்டு விருந்தினர் எல்லாம் இருந்தன. பம்பாயில் நடந்ததற்கு அவை எதுவும் இல்லை. சொந்தக் காசில் பெட்டி வாங்கி, கல்யாண வரவேற்பில் வாசித்துக் கடனைத் தீர்க்கிற வர்க்கம் அது. நம் நவீனத்துவ விமர்சனம் முதலாவதைத்தான் தேடும், கண்டால் கொண்டாடும். இரண்டாவதைக் கண்டால் ‘லைட் மியூசிக்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நானும் அப்படித் திருப்பிக்கொண்டவன்தான்.

அந்த முகத்திருப்பலுக்குச் சென்னையில் ஆதாரம் தேடினால் கிடைக்காது என்பது இன்னொரு வேடிக்கை. இன்று எந்தச் சபா மேடையிலும் வயலின் இல்லாத கச்சேரியை நினைக்க முடியாது. அது கோட்டைக்குள் இருந்த வெள்ளைக்காரப் பாண்டு வாத்தியம். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர், மணலியில் இருந்த காலத்தில், பாண்டு வாத்தியக்காரர் ஒருவரிடம் அதைக் கற்றுக்கொண்டார். தரையில் உட்கார்ந்து, காலில் சாய்த்து, சுருதியை மாற்றிக் கட்டிக்கொண்டதும் அது நம்முடையதாயிற்று. சிறு பையனாக யு. ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினோடு வந்தபோதும் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றார்கள். தம்பூராவின் கதி என்ன? பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்ற புல்லாங்குழல்காரப் பொறியாளர் மின் சுருதிப் பெட்டியைச் செய்து, ராடெல் என்ற பெயரில் விற்கத் தொடங்கியபின், மடியில் தம்பூராவை வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் மீட்டுகிற சிஷ்யை மெதுமெதுவாக மேடையிலிருந்து குறைந்துபோனாள். மார்கழியில் மயிலாப்பூரில் எந்த அரங்கத்துக்குள் நுழைந்தாலும் முதலில் காதில் விழுவது சிந்தஸைசரின் ஒன்றுவிட்ட தம்பியின் குரல்தான். மின்சாரத்தில் பிறந்த ஷட்ஜத்தின் மேல்தான் நாம் சாஸ்திரீயத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். நான் அந்த வாக்கியத்தை எழுதிய வருஷத்திலேயே இந்தப் பெட்டி கச்சேரிகளுக்கு வந்துவிட்டது. கண்ணெதிரே இருந்தது. அதை நான் வாத்தியமாகவே எண்ணவில்லை. பக்கத்தில் இருப்பதை எண்ணும் வழக்கம் நமக்கு இல்லை.

குற்றம் சொல்லாமல் விட்டால் இது ரசிகர் மன்றப் பிரசுரமாகிவிடும். இந்த இசைத்தட்டில் பெரிய குறை தாளத்தில் இருக்கிறது. 808இலும் 303இலும் ஒரு வரிசைக்குப் பதினாறு படிகள். தீன்தாலுக்கும் பதினாறு மாத்திரை என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். இந்த வேகத்தில் பதினாறு படியும் ஏறக்குறைய இரண்டு வினாடியில் முடிந்துவிடுகின்றன. ஆவர்த்தனம் என்பது காத்திருப்பு. சமத்துக்கு வந்து சேரப்போகிறோம் என்ற எதிர்பார்ப்பு. இரண்டு வினாடிக்கு ஒருமுறை வந்து சேர்ந்துகொண்டே இருந்தால் எதிர்பார்க்க என்ன இருக்கிறது? தபலாவை நிறுத்தியபோது அதனோடு ஒரு காலமும் நின்றுபோயிற்று. பத்து ராகத்துக்கும் ஏறத்தாழ ஒரே ஓட்டம். விடியற்காலை லலித்தும் நடுநிசி மால்கௌன்ஸும் ஒரே ரயிலில் போகின்றன. ஒரே மூச்சில் கேட்டால் அலுக்கும். ஒரு நாளைக்கு ஒரு ராகம் என்று கேட்க வேண்டிய தட்டு இது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதைச் சொன்னவர் விமர்சகர் அல்லர். கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த சந்தில் ஒரு வயலின் வித்வான் இருந்தார். எல்லோருக்கும் மாமா. காலையில் கோடம்பாக்கம், வடபழனி ரெகார்டிங் தியேட்டர்களில் ஆர்கெஸ்ட்ரா. சாயங்காலம் கிடைத்தால் தி. நகரிலோ மயிலாப்பூரிலோ ஒரு கச்சேரிக்குப் பக்கவாத்தியம். மலையாளப் படங்களுக்கு இசையமைத்த ஆர்.கே. சேகர் 1976இல் இறந்தபின் அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது என்பது, அவர் மகன் பின்னால் ஏ.ஆர். ரஹ்மான் ஆனதால், இன்று ஊரறிந்த சேதி. மாமா அந்த வாடகை வாத்தியங்களின் காலத்தை வேறு பக்கத்திலிருந்து பார்த்தவர். முதலில் ஒரு கீபோர்டு வந்தது, புதுமையாக இருந்தது. பிறகு சீக்வென்சர் வந்தது. தொண்ணூறுகளில் கால்ஷீட் பாதியாயிற்று, பிறகு அதிலும் பாதியாயிற்று.

“நாலு வரிசை உக்காந்து வாசிச்ச எடத்துல இப்ப ஒரு பிளக்குப் பாயிண்டுதான்டா இருக்கு” என்றார் ஒருமுறை. குரலில் கோபம் இல்லை. வாசல் திண்ணையில் உட்கார்ந்து வில்லுக்கு ரோசனம் தடவிக்கொண்டே சொன்னார்.

இதை மறந்துவிட்டு இந்த இசைத்தட்டைப் பாராட்ட எனக்கு உரிமை இல்லை. ஆளை எடுத்துவிட்டுப் பெட்டியை வைப்பதுதான் 303இன் பிறவி நோக்கம் என்று மேலே சொன்னேன். எடுபட்ட ஆள் யார்? பாஸ் கிட்டார் வாசிப்பவன். சரண்ஜித் சிங்கே பாஸ் கிட்டார் வாசித்தவர். தம்மை வேலையிலிருந்து நீக்கவிருந்த இயந்திரத்தை முதலிலேயே காசு கொடுத்து வாங்கி, அதற்குப் பூபாலியும் பைராகியும் சொல்லிக்கொடுத்து, தமக்குப் பக்கத்தில் உட்கார்த்திவைத்தார். அது முன்யோசனையா, வெறும் குஷியா, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஐம்பது நிமிஷத்தில் இயந்திரம் யாருடைய சோற்றையும் பறிக்கவில்லை. சபா நடத்துகிறவரோ, தயாரிப்பாளரோ, இசையமைப்பாளரோ அவனை நடுவில் உட்காரவைக்கப்போவதில்லை என்று அறிந்த ஒரு பக்கவாத்தியக்காரனுக்கு அது மேடை போட்டுக்கொடுத்தது. பெட்டி ஒன்றுதான். யார் கையில், யாருக்காக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘முன்னோடி’ என்று சொல்லும்போது இந்த விஷயம் முழுசாக மறைந்துபோகிறது. எந்த நடனசாலைக்கு முன்னோடி என்று பார்க்கிறோமே தவிர, எந்த வரிசையிலிருந்து எழுந்து வந்தவர் என்று பார்ப்பதில்லை.

அடையாற்று நண்பரிடம் பிரதி செய்து வாங்கிக்கொண்டு வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குப் போட்டேன். அப்போது அவருக்கு எண்பதைத் தாண்டியிருந்தது. வயலின் பெட்டிக்குள் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. யார், எந்த வருஷம், எதற்கு முன்னோடி என்று எதுவும் சொல்லவில்லை. மால்கௌன்ஸிலிருந்து ஆரம்பித்தேன். தாளத்தைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார். கொஞ்சம் கழித்து, “ஹிந்தோளம்” என்றார், தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல. முடியும்வரை பேசவில்லை.

“பக்கம் யாரு?” என்று கேட்டார்.

“யாரும் இல்லை மாமா. எல்லாம் மிஷின்தான். இவர் ஒருத்தர்தான்.”

அதைக் கேட்டு அவர் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

“இது ஆர்கெஸ்ட்ராக்காரன் கைடா. கச்சேரி வித்வானா இருந்தா இவ்வளவு நறுக்குன்னு நிறுத்த மாட்டான். பாரு, தாளம் எங்க விட்டுக் குடுக்கறதோ அங்க மட்டும் உள்ள வரான். காத்துண்டிருந்து பழக்கப்பட்டவன்.”

பிறகு, “திருப்பிப் போடு” என்றார்.

இரண்டாம் தடவை போட்டபோது அவர் இடது கை விரல்கள் முழங்கால்மேல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. அந்தப் பெட்டியால் முடியாத அசைவுகளையும் சேர்த்து, அவர் கூடவே வாசித்துக்கொண்டிருந்தார். 1984ஆம் வருஷத்து வாக்கியத்தை நான் வாபஸ் வாங்கியது அப்போதுதான்.